கடகத்தில் பாலைப்பழம் பிடிக்கும் விளையாட்டு: எல்ம் மொழியில் பிழை நீக்கும் வழிமுறை

மேலேயிருந்து பாலைப்பழம் விழுகிறது, கீழே ஒரு கடகம். இடது, வலது அம்பு விசைகளால் கடகத்தை நகர்த்திப் பழத்தைப் பிடிக்க வேண்டும். மூன்று பழம் நிலத்தில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. உலாவியில் ஓடும் இந்தச் சின்ன விளையாட்டை எல்ம் மொழியில் எழுதும்போது என்னென்ன கோளாறு வரும், ஒவ்வொன்றையும் எப்படிப் பிடிப்பது என்பதை இங்கே அறிகுறிப்படி எழுதுகிறோம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் உயர்தரத்துக்கு ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்துப் பைதன் பழகிய பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறோம். பைதனில் இருந்து ஒரு செயல்சார் மொழிக்கு, அதாவது சார்புகளைக் கோத்தே எழுதும் மொழிக்கு, வருபவர்கள் தடக்குப்படும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே.

எல்ம் 2012 இல் எவான் சாப்லிக்கி உருவாக்கிய மொழி. நாம் எடுத்துக்கொள்வது 2019 இல் வந்த 0.19.1 பதிப்பு. கட்டளைகளையும் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சு செய்யும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் இந்த அளவுகளே அடிப்படை. படத்தை எஸ்விஜியில் வரைகிறோம், உருவங்களை எண்களால் சொல்லி உலாவியில் வரையும் முறை அது. எஸ்விஜி பலகை 320 அலகு அகலம், 480 அலகு உயரம். கடகம் 64 அலகு அகலம், 12 அலகு ஆழம், அதன் வாய் 440 ஆவது அலகில். பழத்தின் ஆரை 9. பழம் விழும் வேகம் செக்கனுக்கு 160 அலகு, கடகத்தின் வேகம் செக்கனுக்கு 240 அலகு. எஸ்விஜியில் மேல் விளிம்புதான் பூச்சியம், கீழே போகப்போக எண் கூடும். கணிதப் பாடத்தின் வரைபுக்கு இது நேர் எதிர், ஆகவே பழம் மேல்நோக்கிப் பறந்தால் வேகத்தின் குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

எந்தக் கோளாறானாலும் முதலில் செய்ய வேண்டியது

எல்ம் விளையாட்டில் நான்கு இடங்கள்தான் உண்டு. இனிட் தொடக்க நிலையைத் தருகிறது. சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வெளியிலிருந்து வரும் நேரத்தையும் விசையையும் கேட்கிறது. அப்டேட் பழைய நிலையை வாங்கிப் புதிய நிலையைத் தருகிறது. வியூ அந்த நிலையைப் படமாக்குகிறது. விளையாட்டின் முழு நிலையும் மொடல் என்ற ஒரே பதிவுக்குள் இருக்கிறது, வேறெங்கும் ஒளிந்திருக்க முடியாது. எங்களுக்கு எல்மில் பிடித்ததே இதுதான். கோளாறு எந்த இடத்தில் என்று ஊகிக்கத் தேவையில்லை, பார்த்தே சொல்லலாம்.

வியூவின் மேற்பகுதியில் ஒரு டெக்ஸ்ட் போட்டு, அதற்குள் டிபக்.டுஸ்ட்ரிங் மொடல் என்று எழுதுங்கள். மொடல் முழுவதும் எழுத்தாகத் திரையில் ஓடும். எண்கள் மாறுகின்றன, படம் மாறவில்லை என்றால் பிழை வியூவில். எண்களே மாறவில்லை என்றால், அப்டேட்டின் முதல் வரியில் டிபக்.லொக் போட்டுச் செய்தி வருகிறதா என்று உலாவியின் கொன்சோலில் பாருங்கள். எஃப்12 அழுத்தினால் கொன்சோல் திறக்கும். செய்தி வரவில்லை என்றால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், வந்தும் எண் மாறவில்லை என்றால் அப்டேட். எண் மாறுகிறது, ஆனால் பிழையாக மாறுகிறது என்றால் அதுவும் அப்டேட்தான், பெரும்பாலும் ஒரு கணக்குப் பிழை. இந்தச் சோதனையைச் செய்யாமல் குறிமுறையை ஆங்காங்கே மாற்றிப் பார்ப்பது நேரத்தை விழுங்கும்.

எல்ம் நிறுவினேன், திறக்கவே மறுக்கிறது

விண்டோஸுக்கு வெளியான எல்ம் 64 பிட் கணினிக்கானது. பாடசாலை ஆய்வுகூடத்துப் பழைய கணினிகள் சிலவற்றில் 32 பிட் விண்டோஸ் இருக்கும், அங்கே ஓடாது. மை கொம்பியூட்டரில் வலது சொடுக்கி ப்ரொப்பர்ட்டீஸ் பாருங்கள். எக்ஸ்64 ப்ரொசசர் என்று இருந்து விண்டோஸ் மட்டும் 32 பிட் என்றால் 64 பிட் இயங்குதளம் ஏற்றலாம்.

இணையம் இல்லாத கணினியில் பொதிகள் கிடைக்கவில்லை என்கிறது

எல்ம் தன் பொதிகளை முதல் தடவை மட்டுமே இணையத்தில் இருந்து இறக்கும். பிறகு உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். சிக்னல் குறைந்த ஊரென்றால், நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஒரு கணினியில் புதிய திட்டம் தொடங்கும் எல்ம் இனிட் கட்டளையைக் கொடுத்து, எஸ்விஜி, ரெண்டம், ஜேசன் மூன்று பொதிகளையும் எல்ம் இன்ஸ்டோல் கட்டளையால் சேர்த்து, குறிமுறையைத் தொகுக்கும் எல்ம் மேக் கட்டளையை ஒரு தடவை ஓட்டுங்கள். அடுத்து விண்டோஸின் ரன் பெட்டியில் இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என எழுதித் திறந்தால் எல்ம் என்ற கோப்புறை தெரியும். அதையும் திட்டக் கோப்புறையையும் பென் டிரைவில் எடுத்து மற்றக் கணினிகளில் அதே இடத்தில் போட்டால் டேட்டா இல்லாமலே வேலை செய்யலாம். ஜேசன் பொதி ஏற்கெனவே மறைமுகப் பட்டியலில் இருக்கும், நேரடிப் பட்டியலுக்கு மாற்றவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள்.

நேற்று ஓடியது, இன்று ஒரு எழுத்தும் மாற்றாமல் பிழை காட்டுகிறது

இடையில் கரண்ட் போனதா என்று நினைத்துப் பாருங்கள். தொகுத்துக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்தால், திட்டத்துக்குள் இருக்கும் எல்ம்-ஸ்டஃப் கோப்புறை அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே அழித்துவிடுங்கள், அடுத்த எல்ம் மேக் அதைத் திரும்ப உருவாக்கும், உங்கள் குறிமுறை அதற்குள் இல்லை. பொதி இறங்கும் நடுவில் இணைப்பு அறுந்திருந்தால் மேலே சொன்ன ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் எல்ம் கோப்புறையை அழித்து மறுபடி இறக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையோடு இடிமின்னல் தொடங்கினால் உங்கள் குறிமுறை இருக்கும் எஸ்ஆர்சி கோப்புறையை ஒவ்வொரு நாளும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். திட்டத்தில் திரும்பக் கிடைக்காதது அது ஒன்றுதான்.

யூடியூப் பாடத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்தும் ஏற்கவில்லை

பாடம் 0.18 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் எடுக்கப்பட்டது. அடையாளம் எளிது. எச்டிஎம்எல்.ப்ரோகிராம் என்று இருந்தால் பழையது, இப்போது பிரவுசர்.எலிமென்ட். வெறும் டுஸ்ட்ரிங் என்று இருந்தால் பழையது, இப்போது எண்ணை எழுத்தாக்க ஸ்ட்ரிங்.ஃப்ரொம்இன்ட் அல்லது ஸ்ட்ரிங்.ஃப்ரொம்ஃப்ளோட். மீதி காண சதவீதக் குறி போட்டிருந்தால் அதுவும் பழையது, இப்போது மொட்பை. சிக்னல் என்ற சொல்லே வந்தால் அந்தப் பாடத்தை மூடிவிடுங்கள், அது இன்னும் பழைய காலத்தது.

தொகுப்பி நீளமாகத் திட்டுகிறது

எல்ம் தொகுப்பியின் பிழைச்செய்தி நீளமாக இருந்தாலும் பொறுமையாக வாசிக்கத் தகுந்தது. எங்கே பிழை, என்ன எதிர்பார்த்தது, என்ன கிடைத்தது என்று மூன்றையும் சொல்லும். மேலிருந்து முதல் பிழையை மட்டும் திருத்தி மறுபடி தொகுங்கள், கீழே உள்ளவை அதனால் வந்தவையாக இருக்கலாம்.

பைதன் பழக்கத்தால் வருபவை இவை. இஃப் எழுதி எல்ஸ் எழுதாமல் விடுவது: எல்மில் இஃப் என்பது ஒரு மதிப்பைத் தரும் கோவை, ஆகவே நிபந்தனை பொய்யானாலும் ஒரு மதிப்பு வேண்டும். எதுவும் மாறக்கூடாது என்றால் எல்ஸுக்குப் பிறகு மொடல் என்று எழுதுங்கள். அடுத்தது, சார்புக்கு அடைப்புக்குள் காற்புள்ளி போட்டு மதிப்புகளைக் கொடுப்பது. எல்ம் அதை இரட்டை மதிப்புக் கட்டாக எடுத்துக்கொள்ளும், இடைவெளி விட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரு சார்பின் விடையை இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது உள்ளே இருப்பதை அடைப்புக்குள் போடாவிட்டால் மதிப்புகள் கூடிவிட்டன என்று சொல்லும். முழு எண்ணையும் தசம எண்ணையும் கலப்பது இன்னொன்று. பைதன் தானாக மாற்றிக்கொள்ளும், எல்ம் மாற்றாது. வேகம், இடம், நேரம் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே ஃப்ளோட் என்று வைத்துவிட்டு, புள்ளியையும் உயிரையும் மட்டும் இன்ட் ஆக வைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது.

வரித் தொடக்கத்தில் டப் விசை அழுத்தியிருந்தால் எல்ம் ஏற்காது, இடைவெளி மட்டும்தான். வட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய குறிமுறையை ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கலாம், அவற்றை அழித்துக் கையால் அடியுங்கள்.

மாறிக்குத் தமிழில் பெயர் வைத்தேன், ஏற்கவில்லை

எல்ம் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்துத்தான் அது மாறியா வகையா என்று முடிவெடுக்கிறது. சிறிய எழுத்தில் தொடங்கினால் மாறி அல்லது சார்பு, பெரிய எழுத்தில் தொடங்கினால் வகை அல்லது செய்தி. தமிழ் எழுத்தில் சிறியது பெரியது இல்லை, ஆகவே எந்தப் பக்கத்திலும் சேராது. பைதன் 3 இல் தமிழ்ப் பெயர் வைக்கலாம், இங்கே முடியாது. குறிப்புரைகளிலும் மேற்கோளுக்குள் வரும் எழுத்துகளிலும் தாராளமாகத் தமிழ் எழுதலாம்.

பக்கம் வெள்ளையாக இருக்கிறது

கொன்சோலைத் திறந்து சிவப்பு வரியைப் பாருங்கள். மூன்று காரணங்கள் அடிக்கடி வரும்.

சொந்தமாக எச்டிஎம்எல் எழுதி எல்ம்.மெயின்.இனிட் அழைத்திருந்தால், ஸ்கிரிப்ட் வரி, விளையாட்டு வந்து அமரும் டிவ் வரிக்கு மேலே இருக்கிறதா பாருங்கள். உலாவி மேலிருந்து கீழே வாசிக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் டிவ் இன்னும் பிறக்கவில்லை என்றால் எந்த இடத்தில் குந்துவது என்று எல்முக்குத் தெரியாது. ஸ்கிரிப்டை பொடி முடிவதற்குச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள்.

பிரவுசர்.அப்ளிகேஷன் பாவித்திருந்தால், கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கும்போது ஓடாது. அது முகவரிப் பட்டியைத் தன் கையில் எடுக்கும் வகை, ஃபைல் என்று தொடங்கும் முகவரியை அதனால் கையாள முடியாது. இந்த விளையாட்டுக்கு அது தேவையே இல்லை. பிரவுசர்.எலிமென்ட் போடுங்கள். பென் டிரைவில் கொடுத்தாலும் புளூடூத்தில் அனுப்பினாலும் திறந்தவுடன் ஓடும்.

மூன்றாவதை எல்ம் தொகுப்பியே பிடிக்காது. எஸ்விஜி உருவத்துக்கு எச்டிஎம்எல்.அட்ரிபியூட்ஸில் இருந்து கிளாஸ் கொடுத்தால் தொகுப்பு சரியாக முடியும், உலாவியில் ஓடும்போது விழுந்துவிடும். இரண்டு நூலகத்துக்கும் உள்ளே ஒரே வகைதான், அதனால் தொகுப்பிக்கு வேறுபாடு தெரிவதில்லை. எஸ்விஜி உருவத்தில் கிளாஸ் என்ற பெயரை மாற்ற உலாவி அனுமதிப்பதில்லை. எஸ்விஜி உருவங்களுக்கு எப்போதும் எஸ்விஜி.அட்ரிபியூட்ஸ் மட்டும்.

பழம் மேல் இடது மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது கறுப்பாக இருக்கிறது

வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் இடம் சொல்லும் பெயர்கள் சிஎக்ஸ், சிவை. செவ்வகத்துக்குத்தான் எக்ஸ், வை. பிழையான பெயரைக் கொடுத்தால் உலாவி பேசாமல் புறக்கணித்துப் பூச்சியத்தில் வரையும். நிறத்தின் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் கறுப்பு வரும், அதுதான் எஸ்விஜியின் இயல்பு நிறம். எஸ்விஜியின் மதிப்புகள் எல்லாம் வெறும் எழுத்துகள் என்பதால் எல்மின் வகைச் சோதனை இங்கே உதவாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எதுவும் அசையவில்லை

பிரவுசர்.சாண்ட்பொக்ஸில் தொடங்கியிருந்தால் அசையாது. அதில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் இல்லை, பொத்தான் சொடுக்கு மட்டும்தான் உள்ளே வரும். பிரவுசர்.எலிமென்ட்டுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது இனிட்டும் அப்டேட்டும் மொடலை மட்டும் தராமல், மொடலும் கொமாண்டும் சேர்ந்த சோடியைத் தர வேண்டும். செய்ய வேறொன்றும் இல்லாவிட்டால் கொமாண்ட் இடத்தில் சிஎம்டி.நன்.

கடகம் நகர்கிறது, பழம் விழவில்லை என்றால் சப்ஸ்கிரிப்ஷன்ஸில் ஒன்றை மட்டும் திருப்பியிருக்கிறீர்கள். ஆன்அனிமேஷன்ஃப்ரேம்டெல்ட்டா, ஆன்கீடவுன், ஆன்கீஅப் மூன்றையும் ஒரே பட்டியலில் போட்டு சப்.பேட்ச்சுக்குக் கொடுங்கள்.

பழம் தெரிகிற முன்னமே மறைந்துவிடுகிறது

ஒரு சட்டகத்துக்கும் (திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும்) அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரமான டெல்ட்டா மில்லிசெக்கனில் வருகிறது. செக்கனுக்கு 60 சட்டகம் காட்டும் திரையில் அது ஏறத்தாழ 16.67. அதை 1000 ஆல் பிரிக்காமல் 160 ஆல் பெருக்கினால் ஒரே சட்டகத்தில் பழம் 2667 அலகு பாய்ந்துவிடும், பலகையின் உயரமோ 480. அப்டேட்டுக்குள் டெல்ட்டா வந்த உடனேயே 1000 ஆல் பிரித்து ஒரு பெயரில் வைத்து, பிறகு அந்தப் பெயரை மட்டும் பாவியுங்கள்.

என் கணினியில் சரியான வேகம், தம்பியின் போனில் இரண்டு மடங்கு

இது எதிர்ப்பக்கப் பிழை. டெல்ட்டாவையே பார்க்காமல், ஒவ்வொரு சட்டகத்துக்கும் 2.67 அலகு என்று கூட்டியிருப்பீர்கள். 60 சட்டகத் திரையில் அது செக்கனுக்கு 160, புதிய போன்களின் 120 சட்டகத் திரையில் 320. வேகத்தை எப்போதும் செக்கனுக்கு இத்தனை அலகு என்றே எழுதி, செக்கனாக்கிய டெல்ட்டாவால் பெருக்குங்கள். சரியாக எழுதினால் எந்தத் திரையிலும் பழம் மேல் விளிம்பில் இருந்து கடகத்தின் வாய்க்கு வர 2.75 செக்கன்.

வேறு டப்புக்குப் போய் வந்தால் மூன்று உயிரும் போய்விடுகிறது

டப் மறைந்திருக்கும்போது உலாவி சட்டகங்களை நிறுத்திவிடும். திரும்பி வரும்போது இடைப்பட்ட நேரம் முழுவதும் ஒரே டெல்ட்டாவாக வரும். பத்து செக்கன் கழித்து வந்தால் பழம் 1600 அலகு பாயும். டெல்ட்டாவுக்கு 50 மில்லிசெக்கன் என்று மேல்வரம்பு போடுங்கள், மின் என்ற சார்பு ஒன்றே போதும். பழைய கணினி இடையிடையே திணறும்போதும் இதே வரி காப்பாற்றும்.

விசையை அழுத்திப் பிடித்தால் கடகம் ஒரு துள்ளு துள்ளி நின்று, பிறகுதான் ஓடுகிறது

ஆன்கீடவுன் செய்தி வரும்போதே கடகத்தை நகர்த்தியிருக்கிறீர்கள். விசையை அழுத்திப் பிடித்தால் இயங்குதளம் முதல் செய்தியை அனுப்பி, சிறிது தாமதித்து, பிறகு தொடர்ச்சியாக அனுப்பும். கட்டுரை தட்டச்சுக்கு அது நல்லது, விளையாட்டுக்கு உதவாது. மொடலில் இடது, வலது என்று இரண்டு உண்மை/பொய் மதிப்புகள் வையுங்கள். கீடவுன் வந்தால் உண்மை, கீஅப் வந்தால் பொய், அதற்கு மேல் அந்தச் செய்திகளுக்கு வேலையில்லை. கடகத்தை நகர்த்துவது சட்டகத்துக்கு ஒரு தடவை டெல்ட்டாவோடு வரும் ஃப்ரேம் செய்தியில் மட்டும். இரண்டும் உண்மையென்றால் நிற்கட்டும். கடைசியில் கிளாம்ப் சார்பால் 0 இற்கும் 256 இற்கும் இடையில் அடக்குங்கள், 256 என்பது 320 இல் 64 போக மிச்சம்.

இதோடு வரும் இன்னொரு கோளாறு: இடது விசையை அழுத்தியபடி வேறு விண்டோவுக்குப் போனால் கீஅப் உங்கள் பக்கத்துக்கு வராது, திரும்பி வந்தால் கடகம் தானாக இடப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஆன்விசிபிலிட்டிசேஞ்ச் செய்தியைக் கேட்டு, பக்கம் மறைந்தவுடன் இரண்டையும் பொய்யாக்குங்கள். பக்கம் மறையாமல் பக்கத்து விண்டோவுக்கு மட்டும் கவனம் மாறும்போது அந்தச் செய்தி வராது. அதற்கு ஜாவாஸ்கிரிப்டின் புளர் நிகழ்வைப் போர்ட் வழியாக, அதாவது எல்முக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் இடையிலான வாசல் வழியாக, உள்ளே அனுப்ப வேண்டும்.

அம்பு விசை அழுத்தினால் பக்கமே மேலும் கீழும் போகிறது

பிரவுசர்.ஈவென்ட்ஸ் வழியாக வரும் விசைகளுக்கு உலாவியின் வழமையான செயலைத் தடுக்க வழியில்லை. சுலபமான தீர்வு, பொடிக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் என்று சிஎஸ்எஸ் கொடுப்பது. உருள இடமில்லை என்றால் உருளாது. இன்னொரு வழி, டப்இன்டெக்ஸ் கொடுத்த ஒரு டிவ்வில் ப்ரிவென்ட்டிஃபோல்ட்ஆன் பாவிப்பது, ஆனால் அந்த டிவ்வில் கவனம் இருக்கும் வரைதான் அது வேலை செய்யும். முதலாவதே போதும்.

தமிழ் விசைப்பலகை போட்டிருக்கும்போது ஏ, டி விசைகள் வேலை செய்யவில்லை

அம்புக்குப் பதில் ஏ, டி எழுத்துகளால் நகர்த்தும்படி எழுதியிருந்தால் நம்மவர்களுக்கு இது கட்டாயம் வரும். கீ என்ற புலம் அழுத்தியதால் வந்த எழுத்தைத் தருகிறது. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது அங்கே தமிழ் எழுத்து வரும், ஒலிப்பெயர்ப்பு மென்பொருள் சில ப்ரொசஸ் என்ற சொல்லையே தரும். கோட் என்ற புலத்தை வாசியுங்கள், அது எந்த விசை என்பதை அதன் இடத்தைக் கொண்டு சொல்கிறது, மொழி மாறினாலும் மாறாது. கீஏ, கீடி என்று அதில் வரும். விசைச் செய்தியின் புலங்களை வாசிக்கும் டிகோடரில் புலத்தின் பெயரைப் பிழையாக எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது, செய்தி பேசாமல் கைவிடப்படும். விசைகள் முற்றாகச் செத்தது போல் இருந்தால் முதலில் அந்த எழுத்துகளைச் சரிபாருங்கள்.

பிடித்தேன், புள்ளி கூடவில்லை

செயல்சார் மொழிக்குப் புதிதாக வருபவர்கள் எல்லோரும் சந்திக்கும் பிழை இது. எல்மில் மதிப்பு மாறாது. மொடலில் புள்ளியைக் கூட்டினால் பழைய மொடல் அப்படியே இருக்க, புதிய மொடல் ஒன்று பிறக்கிறது. லெட் பகுதியில் புதிய மொடலைக் கணக்கிட்டு ஒரு பெயர் வைத்துவிட்டு, இன் பகுதியில் பழைய மொடலையே திருப்பினால் கணக்கு வீணாகப் போகும். பாவிக்காத பெயர் ஒன்று லெட்டில் கிடப்பதைத் தொகுப்பி எச்சரிப்பதும் இல்லை.

இதற்கு மருந்து, ஒவ்வொரு வேலையையும் மொடலை வாங்கி மொடலைத் தரும் தனிச் சார்பாக எழுதுவது. கடகத்தை நகர்த்து, பழங்களை நகர்த்து, பிடித்ததைப் பார், விழுந்ததைப் பார் என்று நான்கு சார்புகள். அவற்றை, ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுக்கும் குழாய்க் குறியால் வரிசையாகக் கோத்துவிட்டால் இடையில் பழைய மொடல் நுழைய வழியே இல்லை. வரிசையும் முக்கியம். விழுந்ததை முதலில் பார்த்தால், கடைசிக் கணத்தில் பிடித்த பழத்துக்கு உயிரும் போகும்.

மொடலுக்குள் கடகம் இன்னொரு பதிவாக இருந்தால், மொடல்.கடகம் என்று புள்ளி வைத்துக் கொடுத்த பதிவை நேரடியாகப் புதுப்பிக்க எல்மின் இலக்கணம் இடம் தராது. லெட்டில் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பிறகு புதுப்பியுங்கள். இந்த அளவு விளையாட்டுக்கு எல்லாப் புலத்தையும் ஒரே தட்டில் வைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஒரு பழத்துக்கு 11 புள்ளி ஏறுகிறது

பழமும் கடகமும் ஒன்றின்மேல் ஒன்று படுகிறதா என்று மட்டும் பார்க்கிறீர்கள், பிடித்த பழத்தைப் பட்டியலில் இருந்து எடுக்கவில்லை. பழத்தின் விட்டம் 18, கடகத்தின் ஆழம் 12, மொத்தம் 30 அலகு. செக்கனுக்கு 160 வேகத்தில் அதைக் கடக்க ஏறத்தாழ 0.19 செக்கன், அதற்குள் 11 சட்டகம் வந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. லிஸ்ட்.பார்டிஷனால் பட்டியலைப் பிடிபட்டவை, மற்றவை என்று இரண்டாகப் பிரியுங்கள். பிடிபட்டவற்றின் எண்ணிக்கையைப் புள்ளியில் கூட்டி, மற்றவற்றை மட்டும் மொடலில் வையுங்கள்.

வேகம் கூடியதும் பழம் கடகத்தை ஊடுருவிப் போகிறது

செக்கனுக்கு 400 அலகு வேகத்தில் ஒரு சட்டகம் 50 மில்லிசெக்கன் எடுத்தால் பழம் 20 அலகு பாயும். பழத்தின் நடுப்புள்ளி 12 அலகு ஆழமுள்ள கடகத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்தால், ஒரு சட்டகத்தில் மேலேயும் அடுத்ததில் கீழேயும் இருந்துவிடும். இடத்தைப் பார்க்காமல் கடந்ததைப் பாருங்கள். பழத்தின் பழைய உயரம் 440 இற்குக் குறைவு, புதிய உயரம் 440 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தச் சட்டகத்தில்தான் அது கடகத்தின் வாயைக் கடந்திருக்கிறது. அப்போது மட்டும் கிடையாக 64 அலகுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் 4 அலகு தாராளம் கொடுத்தால் விளையாடுபவர்களுக்கு நியாயமாகப் படும். இந்த முறைக்கு எந்த வேகமும் தப்பாது.

எல்லாப் பழமும் ஒரே இடத்தில் விழுகிறது

எழுமாற்று எண்கள் பிறக்கும் தொடக்க வித்தை (சீட்) ரெண்டம்.இனிஷியல்சீட்டால் எடுத்து ஒவ்வொரு தடவையும் அதையே ரெண்டம்.ஸ்டெப்புக்குக் கொடுத்திருக்கிறீர்கள். எல்மில் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடைதான் வரும், எழுமாற்று எண்ணும் அதற்கு விலக்கில்லை. ஸ்டெப் தரும் சோடியில் இரண்டாவதாக வரும் புதிய சீட்டை மொடலில் வைத்து அடுத்த தடவை அதைப் பாவிக்க வேண்டும். இன்னும் சுலபம், ரெண்டம்.ஜெனரேட் கொடுப்பது. அது ஒரு கொமாண்ட், எண்ணை உடனே தராது, புதுப்பழம் என்ற செய்தியாகப் பிறகு அப்டேட்டுக்கு அனுப்பும். வீச்சு 9 இலிருந்து 311 வரை, அப்போதுதான் பழம் விளிம்பில் வெட்டுப்படாது.

புள்ளி கூடக்கூடப் பழம் வருவது நின்றுவிடுகிறது

டைம்.எவ்ரிக்குக் கொடுத்த இடைவெளியைப் புள்ளியோடு குறைத்திருக்கிறீர்கள். இடைவெளி மாறினால் எல்ம் பழைய மணியை நிறுத்திப் புதிய மணியைப் பூச்சியத்தில் இருந்து தொடங்குகிறது. அடிக்கடி மாறினால் எதுவுமே அடிக்கும் வரை உயிரோடு இராது. டைம்.எவ்ரியை விட்டுவிடுங்கள். மொடலில் மீதிநேரம் என்று ஒரு புலம் வைத்து, ஒவ்வொரு ஃப்ரேமிலும் டெல்ட்டாவைக் கழித்து, பூச்சியத்துக்குக் கீழே போனதும் பழம் கேட்டு, இடைவெளியை அதோடு கூட்டுங்கள். 1.2 செக்கனில் தொடங்கிப் புள்ளிக்கு 0.02 குறைத்து 0.45 இல் நிறுத்தினால் 38 புள்ளியில் உச்ச வேகம் வரும்.

முதலில் நன்றாக ஓடியது, போகப்போகத் திணறுகிறது

திரைக்குக் கீழே போன பழங்கள் பட்டியலிலேயே கிடக்கின்றன. லிஸ்ட்.ஃபில்டரால், உயர எண் 489 ஐத் தாண்டியவற்றை எடுத்துவிடுங்கள். பட்டியல் சரியென்றால், டிபக்.லொக் ஒவ்வொரு ஃப்ரேமிலும் எழுதுகிறதா பாருங்கள். டிபக் தெரிவோடு தொகுத்திருந்தால் எல்ம் வரும் செய்திகளின் வரலாற்றையே சேர்த்து வைக்கும். செக்கனுக்கு 60 செய்தி வரும் விளையாட்டில் நினைவகம் ஏறிக்கொண்டே போகும். மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது ஒப்டிமைஸ் தெரிவோடு தொகுங்கள். டிபக் என்ற பெயர் எங்கேனும் மிச்சமிருந்தால் அது தொகுக்க மறுக்கும், அந்த வரிகளை எடுங்கள்.

தமிழ் எழுத்து சிதைகிறது

திரையில் புள்ளி, உயிர் என்ற சொற்கள் இருக்கும் இடத்தில் விசித்திரக் குறிகள் வந்தால், நீங்கள் எழுதிய எச்டிஎம்எல்லின் ஹெட்டில் யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா வரி இல்லை. எல்ம் மேக் தானாக ஆக்கும் இன்டெக்ஸ் கோப்பில் அது இருக்கும்.

பழத்துக்குப் பதில் தமிழ் எழுத்து விழும் விளையாட்டாக மாற்றும்போது வேறொன்று வரும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது அருமையான விளையாட்டு, ஆகவே இதைக் கட்டாயம் சரியாகச் செய்யுங்கள். யூனிகோடில் கொ என்பது க என்ற குறியும் அதற்கு ஒட்டான உயிர்க்குறியும். ஸ்ட்ரிங்.டுலிஸ்ட்டால் சொல்லைப் பிரித்தால் மெய்யும் குறியும் தனித்தனியாக விழும், ஸ்ட்ரிங்.லெங்த் கேட்டால் புள்ளி என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு 6 என்று சொல்லும். சொல்லைப் பிரிக்காதீர்கள். வேண்டிய எழுத்துகளைத் தனித்தனி ஸ்ட்ரிங்குகளாக ஒரு பட்டியலில் எழுதிவிட்டு அதிலிருந்து எடுங்கள். 247 எழுத்தும் எழுதினாலும் ஒரு மாலை வேலைதான்.

போனில் எல்லாம் எறும்பளவாகத் தெரிகிறது, தொட்டாலும் அசையவில்லை

எல்ம் ஆக்கும் இன்டெக்ஸ் கோப்பில் வியூபோர்ட் மெட்டா வரி கிடையாது, அதனால் போன் அதைக் கணினிப் பக்கமாக நினைத்துச் சுருக்கும். கோப்பைத் திறந்து ஹெட்டில் அந்த வரியைச் சேருங்கள், அகலம் டிவைஸ்-வித், தொடக்க அளவு 1. ஒவ்வொரு தடவை தொகுத்த பின்னும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.

தொடுகைக்குப் பலகையின் இடப் பாதியிலும் வலப் பாதியிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு டிவ் வைத்து, பொயின்டர்டவுன் வந்தால் உண்மை, பொயின்டர்அப், பொயின்டர்கான்சல் வந்தால் பொய். கணினியின் விசைகளுக்கு வைத்த அதே இரண்டு மதிப்புகள்தான், அப்டேட்டில் வேறொன்றும் மாறாது. அந்த டிவ்களுக்கு டச்-அக்ஷன் நன் என்ற சிஎஸ்எஸ் கொடுக்காவிட்டால் விரலை இழுக்கும்போது உலாவி அதை உருட்டலாக எடுத்துக்கொண்டு கான்சல் அனுப்பிவிடும். அழுத்திப் பிடித்தால் மெனு வருவதைத் தடுக்க கொன்டெக்ஸ்ட்மெனு நிகழ்வுக்கு ப்ரிவென்ட்டிஃபோல்ட்ஆன்.

படக் கோப்புகள் பாவித்திருந்தால் வட்ஸ்அப்பில் அனுப்பிய இன்டெக்ஸ் கோப்பில் படம் வராது, அவை தனிக் கோப்புகள். மஞ்சள் நீள்வட்டம் ஒன்றே பாலைப்பழத்துக்குப் போதுமே, எஸ்விஜியிலேயே வரையுங்கள். இணையத்தில் ஏற்றிய பின் மட்டும் படம் காணாமல் போனால் கோப்புப் பெயரின் பெரிய, சிறிய எழுத்துகளைப் பாருங்கள். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, இணைய வழங்கிகள் பெரும்பாலும் பொருட்படுத்தும்.

உச்சப் புள்ளியைச் சேமிக்கப் போர்ட் எழுதினேன், போர்ட்ஸே இல்லை என்கிறது கொன்சோல்

எல்ம் பாவிக்காத எதையும் வெளியீட்டில் வைப்பதில்லை, போர்ட்டும் அப்படித்தான். போர்ட்டை அறிவித்துவிட்டு அப்டேட்டில் எங்கும் அழைக்காவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் ஆப்.போர்ட்ஸ் என்பதே பிறக்காது. ஆட்டம் முடியும் கிளையில் சிஎம்டி.நன் இருக்கும் இடத்தில் அந்தப் போர்ட்டைப் புள்ளியோடு அழைத்துத் தொகுத்தால் தோன்றும். கோப்பின் முதல் வரி போர்ட் மொடியூல் என்று தொடங்கவும் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் சப்ஸ்கிரைப் செய்து லோக்கல்ஸ்டோரேஜில் எழுதுங்கள். தொடங்கும்போது அங்கிருந்து வாசித்து தொடக்க மதிப்பை வெளியிலிருந்து தரும் ஃப்ளாக்ஸ் வழியாக இனிட்டுக்குக் கொடுங்கள். முதல் தடவை அங்கே ஒன்றும் இராது, வெறுமையைக் குறிக்கும் நல் என்ற மதிப்பு வரும், ஆகவே இனிட் வாங்கும் வகை மேபி இன்ட், அதாவது எண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். லோக்கல்ஸ்டோரேஜ் தருவது எழுத்து, எண்ணாக மாற்றாமல் கொடுத்தால் விளையாட்டு தொடங்கும் முன்பே ஃப்ளாக்ஸ் பிழையோடு நின்றுவிடும்.